எல்போ உடைந்த காரணம், நான்கு வரிகளுக்கு மிகாமல்

1

இந்தக் கதை ஓர் அரசாங்கப் படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஐஸ் ஃபேக்டரி இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கே குழாயின் வளைவுத் துண்டு ஒன்று, தொழிலில் எல்போ என்பார்கள், உடைந்து அம்மோனியா பீய்ச்சியடித்தது. பக்கத்தில் நின்றிருந்த கம்ப்ரஸர் ஆபரேட்டரின் முகத்தில் பட்டது. வியாழக்கிழமை நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அதற்குள் விபத்து அறிக்கை தயாராக வேண்டும். ஒன்பதாவது கட்டம் கேட்டது இது: "விபத்துக்கான காரணம், நான்கு வரிகளுக்கு மிகாமல்."

நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். எழுதியதையும் அடித்ததையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவு ஆகிவிட்டது.

யாருடைய பெயரும் இதில் வராது. படிவத்துக்குக் கொடுத்தது போதும். என்னையும் 'மூத்தவர்' என்றுதான் எழுதப்போகிறேன். 'நான்' என்று தொடங்கினால் வாக்கியம் என் பக்கமே சாய்கிறது. நாலைந்து முறை சோதித்துப் பார்த்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

"செவ்வாய்க்கிழமை காலை ஆபரேட்டர் குடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தார். நடையில் ஒரு தள்ளாட்டம், கண்களில்—"

இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. மூத்தவரின் தங்கை பின்னால் நின்று படித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. அன்று, வியாழக்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு அண்ணனுக்குத் துணையாக ஆபீஸ் அறைக்கு வந்திருந்தாள்.

"யாரு, கம்ப்ரஸரா?" என்றாள். ஆபரேட்டரை ஃபேக்டரியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "டீயையே பாதியில வச்சிட்டுப் போற மனுஷன்ணா அவர்."

"எழுதும்போது கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

"கதைல இருக்கலாம். நீங்க எழுதறது ரிப்போர்ட்."

இரண்டாவது தொடக்கம் மூத்தவருக்குப் பிடித்திருந்தது: "ஒரு குழாய் உடைந்தது. இரும்பாய் இருப்பதெல்லாம் ஒரு நாள் உடையும்."

தங்கை இரண்டு முறை படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல யாருமே இல்லையே. குழாய் தனியா வாக்கிங் போச்சா?"

மூன்றாவது தொடக்கம் மூத்தவர் எழுதியதல்ல, தம்பி எழுதியது. ஃபேக்டரியின் அன்றாட நிர்வாகம் தம்பியிடம்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தான்.

"ஆபரேட்டர் வால்வை ஒரே மூச்சில் திறந்தார். அதனால் ஏற்பட்ட திடீர் அழுத்தத்தில் எல்போ முறிந்தது."

இரண்டே வரி. இன்னும் இரண்டு வரிக்கு இடம் மிச்சம்.

(ஒரு குறிப்பு. இன்ஸ்பெக்டர் இதை ஏற்றுக்கொண்டால் ஆபரேட்டரின் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாதவருக்கு எந்தப் பிளான்ட்டிலும் வேலை இல்லை. இடது கண் தேறாது என்று டாக்டர் ஏறக்குறைய சொல்லிவிட்டார். ஒற்றைக் கண்ணோடும் செய்யக்கூடிய வேலை அவருக்கு இது ஒன்றுதான். இயந்திரத்தைக் காதால் கேட்டே ஓட்டுகிறவர். ஃபேக்டரிக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார். அதுவும் போய்விடும். வாசகர் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். தம்பி தாளை நீட்டியபோது மூத்தவருக்கும் இது முழுக்கத் தெரியும்.)

3

மேசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் அறை மாடியில் இருக்கிறது. கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே உப்புத் தண்ணீர்த் தொட்டியும் அதில் முங்கி நிற்கும் தகர டின்களும் தெரியும். டின்னுக்குள் நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகும். மூன்று நாளாகப் பிளான்ட் ஓடவில்லை. உள்ளே இருந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டடம் சத்தமில்லாமல் இருந்து மூத்தவர் கேட்டதே இல்லை.

மேசைமேல் பழைய செய்தித்தாள். அதன்மேல் இரண்டு உடைந்த எல்போக்கள்.

ஒன்று செவ்வாய்க்கிழமை உடைந்தது. மேலே பளபளவென்று சில்வர் பெயிண்ட். உடைந்த வாயில் செங்கல் பொடி மாதிரி துரு உதிர்ந்துகொண்டிருந்தது. நல்ல இரும்பு மிஞ்சியிருந்தது ஒரு நகத்தின் கனத்துக்குத்தான்.

இன்னொன்று அன்று காலை உடைந்தது. தம்பி ஸ்டோரிலிருந்து புது எல்போ ஒன்றை எடுத்து, வைஸ் என்னும் இரும்புப் பிடியில் கடிக்கவைத்து, சம்மட்டியால் போட்டிருக்கிறான். வார்ப்பிரும்பு, சர்க்கரைக் கட்டி உடைந்தது போல வாய் சாம்பல் நிறத்தில் மினுக்கியது. அதற்கும் சில்வர் பெயிண்ட் அடித்துக் காய வைத்திருந்தான்.

"ரெண்டும் உடைஞ்சதுதான்ணா," என்றான் தம்பி. "ஒண்ணைக் குடுக்கப் போறோம். எதைன்னுதான் கேள்வி."

"இதுக்குப் பேரு என்னடா?"

"குடும்பத்தைக் காப்பாத்தறதுன்னு பேரு. அப்பா காலத்துலேர்ந்து இந்த ஃபேக்டரி மேல ஒரு புகார் உண்டா? நீங்கதான மேடைக்கு மேடை சொல்லுவீங்க."

மூத்தவர் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். அதை மறுக்க முடியாது. [இங்கே "அதில் தவறொன்றும் இல்லை" என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

மணி இரண்டே முக்கால்.

4

ஒரு கதையில் பாடம் நடத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் ஒரு பாடம் நடந்தது. அது இல்லாமல் அடுத்து நடந்தது விளங்காது.

தங்கை திருத்திக்கொண்டிருந்த கேள்வி: இயற்பியல் மாற்றத்துக்கும் வேதியியல் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? மூத்தவர் படித்த காலத்தில் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என்றிருந்தது. தாள்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்போக்களைப் பார்ப்பதைவிட எளிதாயிருந்ததால் ஒன்றை எடுத்துப் படித்தார். "ஐஸ் உருகினால் தண்ணீர், மறுபடி உறைய வைக்கலாம், ஆகவே இயற்பியல் மாற்றம். இரும்பு துருப்பிடித்தால் திரும்ப வராது, ஆகவே வேதியியல் மாற்றம்." பக்கத்தில் தங்கை பாதி மார்க் போட்டிருந்தாள்.

"ஏன் பாதி? சரியாத்தான எழுதியிருக்கு."

"காரணம் தப்பு."

"திரும்ப வராததுதான இரசாயன மாற்றம்? எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"டம்ளர் கீழ விழுந்து உடைஞ்சா திரும்ப வருமா? வராது. ஆனா சில்லு சில்லாக் கிடக்கறதும் கண்ணாடிதான். பொருள் மாறலை. அது இயற்பியல் மாற்றம். புதுசா வேற பொருள் உண்டாச்சான்னு கேக்கணும்ணா. அதான் கேள்வி."

தம்பிக்கு இந்தப் பேச்சு உவப்பாக இருந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன். உடையறதுங்கறது இயற்பியல். ஒரு நொடில நடக்கறது. யார் மேலயும் குத்தம் கிடையாது."

"வால்வைத் திறந்தவர் மேல இருக்குன்னு எழுதியிருக்கியே," என்றாள் தங்கை.

"அது வேற."

தங்கை சிவப்புப் பேனாவை மூடினாள். துருப்பிடித்த எல்போவைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள். "அது உடைஞ்சது ஒரு நொடில. ஆனா உடையறப்போ அங்க இரும்பே இல்லை. துருங்கறது அழுக்கான இரும்பு கிடையாது, வேற பொருள். இரும்போட காத்தும் தண்ணியும் உப்பும் சேர்ந்து வருஷக்கணக்கா உண்டாக்கினது. அந்த வருஷமெல்லாம் கம்ப்ரஸர் என்ன தப்பு பண்ணார்?"

அவளே தொடர்ந்தாள், அண்ணனைப் பார்க்காமல்:

"அம்மோனியாவையே எடுத்துக்கங்க. முப்பது வருஷமா அந்தக் குழாய்க்குள்ள சுத்துது. திரவமாகுது, ஆவியாகுது, மறுபடி திரவமாகுது. அதே அம்மோனியாதான். ஒண்ணும் ஆகலை. வெளிய வந்து கண்ணுல ஈரத்தோட சேர்ந்த உடனே எரிகாரமாயிடுச்சு. கண்ணோட சவ்வு சவ்வா இல்லை இப்ப."

[இந்த இடத்தில் மூத்தவர் கண்கலங்கியதாக ஒரு வாக்கியம் இருந்தது. அவர் கண்கலங்கவில்லை. மணியைப் பார்த்தார். மூன்று பத்து.]

5

இந்தப் பகுதியை எழுதாமல் கதையை முடித்துவிட எல்லா வழியிலும் முயன்று பார்த்தேன். ஆறாவது பகுதியை முதலில் எழுதினேன். ஏழாவதையும் எழுதினேன். இரண்டும் காலில்லாத நாற்காலி போல நின்றன.

ஆகவே இது.

மூத்தவர் பேனாக்கத்தியை எடுத்து எல்போவின் உடைந்த ஓரத்தைச் சுரண்டினார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்தது. வெள்ளி, அதன்கீழ்ப் பழுப்பு. மறுபடி வெள்ளி, மறுபடி பழுப்பு. புத்தகத்தின் பக்க ஓரத்தைப் பார்ப்பது போல இருந்தது. எண்ணினார். வெள்ளி ஏழு.

எங்கள் ஃபேக்டரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் குழாய்களுக்கெல்லாம் சில்வர் பெயிண்ட் அடித்துவிடுவோம். வேறு பிளான்ட்டுகளில் முதலில் துருவைச் சுரண்டி, இரும்பு தெரியத் தேய்த்து, அப்புறம்தான் அடிப்பார்கள். எங்களிடம் சுரண்டுவதில்லை. சுரண்டினால் தரையெல்லாம் செந்தூள் கொட்டும். குழாய் பாதி வெள்ளையும் பாதி சிவப்புமாக நான்கு நாள் நிற்கும். உள்ளே வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். சுரண்டாமல் அடிப்பது மூத்தவரின் உத்தரவு. எங்கள் ஃபேக்டரிக்குள் ஒரு துருப்புள்ளி பார்த்தேன் என்று எவனும் சொல்லக் கூடாது என்பது அவருக்கு ஒரு வைராக்கியம். பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு ஈரம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவர் யோசித்ததே

யோசித்தார். யோசிக்க வைக்கப்பட்டார். போன வருடம், இதே அறையில், ஆபரேட்டர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

"ஐயா, தொட்டிக்கு மேல இருக்கற எல்போ அடியில பெயிண்ட் உப்பிக்கிட்டு நிக்குது. சுரண்டிப் பாத்துடலாம்."

"பாத்தா?"

"உள்ள எவ்வளவு தின்னிருக்குன்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா?"

"மாத்தணுங்க. ரெண்டு நாள் பிளான்ட்ட நிறுத்தணும்."

"திங்கக்கிழமை ஆள் வராங்க. புண்ணைப் பிரிச்சுக் காட்டற மாதிரி குழாயைப் பிரிச்சு வச்சிக்கிட்டு நிக்கச் சொல்றியா? பெயிண்ட் அடிப்பா."

ஆபரேட்டர் சிரித்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவருக்கு அந்த உரிமை இருந்தது. "அடிச்சிடலாம். அடிக்கடி பவுடர் போட்டா நோயாளியும் மாப்பிள்ளைதான்."

மூத்தவரும் சிரித்தார். அன்று மாலையே பெயிண்ட் அடித்தாயிற்று. ஏழாவது பூச்சு.

இது தம்பிக்குத் தெரியும். ஜன்னலோரம் நின்று கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "பெயிண்ட் அடிக்கச் சொன்னது நீங்கண்ணா. நான் டப்பா வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான். ரிப்போர்ட்ல துருன்னு எழுதினா என் பேரு வராது. உங்க பேருதான் வரும். நான் யாருக்காக அதை வைஸ்ல வச்சு உடைச்சேன்னு நினைக்கறீங்க?"

6

இன்ஸ்பெக்டர் நான்கு மணிக்கு வரவில்லை. மூன்று நாற்பதுக்கே வந்துவிட்டார். தங்கையைவிட வயதில் சின்ன பெண்மணி. கையில் டார்ச், கழுத்தில் அடையாள அட்டை. மாடிப்படியில் காலடி கேட்டதும் தம்பி செய்தித்தாளின் ஒரு பாதியை மடித்து ஓர் எல்போவின்மேல் போட்டான். வெளியே தெரிந்தது மினுக்குகிற எல்போ.

மூத்தவர் அந்தத் தாளை விலக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

"உட்காருங்க," என்றார்.

"பரவாயில்லைங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வரேன்," என்று இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்தார். "உங்க ஆபரேட்டர் வாக்குமூலம் குடுத்துட்டார். படிக்கறேன். 'வால்வை நான்தான் அவசரப்பட்டுத் திறந்தேன். கம்பெனிமேல் எந்தக் குறையும் இல்லை.'"

தாளின் அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

"அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே," என்றாள் தங்கை.

"ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்காங்க. எங்க போடறதுன்னு தெரியலை. அதனால ரேகை வாங்கினோம்." இன்ஸ்பெக்டர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நேத்து நீங்க போயிருந்தீங்களாமே."

"சும்மா பாக்கப் போனேன்."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலை. எப்படி இருந்தாலும் குவார்ட்டர்ஸ்லயே இருங்கன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்."

ஆகவே எல்லாம் தானாகவே முடிந்திருந்தது. ஆபரேட்டரே ஒப்புக்கொண்டுவிட்டார். மூத்தவர் ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவருடைய அப்பாவின் ஃபேக்டரி, அவருடைய பெயர், அவர் ஏறிய மேடைகள் எல்லாம் அப்படியே நிற்கும். வாழ்நாள் முழுக்க யாரிடமும் எதையும் இனாமாக வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்கிறவர் அவர். இப்போது ஒரு கண் போனவர் ஒருவர் அவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் மேசையருகே வந்து மினுக்குகிற எல்போவைக் கையில் எடுத்தார். உடைந்த வாயை டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இதானா?"

தம்பி மூச்சு விடும் சத்தம் கேட்டது. தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவளும் சொல்லியிருக்கலாம். செய்தித்தாளை ஒரு விரலால் தள்ளியிருக்கலாம். அவள் செய்யவில்லை. ஏன் என்று பல நாள் கழித்துக் கேட்டபோது, "உங்களுக்குப் பாதி மார்க் போட எனக்கு இஷ்டமில்லை" என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

"உங்களைத்தாங்க கேக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கு. இதுதான் உடைஞ்சதா?"

7

முடிவு அ.

"ஆமாம்," என்றார் மூத்தவர். குரல் அவர் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. தம்பியின் இரண்டு வரிகள் கட்டத்துக்குள் ஏறின. இன்ஸ்பெக்டர் எல்போவைப் பைக்குள் போட்டு முத்திரை வைத்தார். ஆபரேட்டரைக் குவார்ட்டர்ஸிலிருந்து யாரும் கிளப்பவில்லை; அந்த விஷயத்தில் குடும்பம் வாக்குத் தவறவில்லை. மூத்தவர் தினமும் அந்த வாசலைக் கடந்து ஆபீசுக்குப் போனார். வாசலில் உட்கார்ந்திருப்பவர் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்து எழுந்து நிற்பார்.

முடிவு ஆ.

"இல்லை," என்றார் மூத்தவர். செய்தித்தாளை எடுத்தார். பெயிண்ட் ஏழு முறை யார் உத்தரவில் அடிக்கப்பட்டது, யார் எப்போது எச்சரித்தார், என்ன பதில் கிடைத்தது என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுத எழுத நான்கு வரி போதாமல் தனித்தாள் இணைக்க வேண்டியதாயிற்று. ஃபேக்டரிக்குச் சீல் வைத்தார்கள். தம்பி அதன்பிறகு அவரிடம் பேசவில்லை. ஊருக்குள்

இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். 'ஆ' நடந்தது என்று எழுதினால் மூத்தவர் பெரிய மனிதர் என்பீர்கள். 'அ' நடந்தது என்று எழுதினால், எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறார் பாருங்கள் என்று இதை எழுதியவனைப் புகழ்வீர்கள். எதை எழுதினாலும் பெருமை என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. ஏழு முறை பூசியவனுக்கு எட்டாவது கை வைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

தங்கையிடம் இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "முடிவு ஒண்ணுதானே நடந்திருக்கும்ணா, அதை எழுதிட வேண்டியதுதானே" என்றாள்.

"நான் எழுதக் கூடாது."

"வேற யாரு எழுதுவா?"

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

8

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகல் ஒன்றைக் காயம்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தார்கள். பழுப்பு உறை. அவருடைய வலது கண்ணில் அப்போது இன்னும் கட்டு இருந்ததால், அவர் மனைவிதான் அதைப் பிரித்து அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். முதல் கட்டத்திலிருந்து எட்டாவது கட்டம் வரை தேதி, நேரம், வயது என்று வாசித்திருப்பார். அப்புறம் ஒன்பது.

அதைக் கேட்டு அவர் என்ன சொன்னார், சொன்னாரா, திரும்ப வாசிக்கச் சொன்னாரா, கதவைச் சாத்தச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் முடிவு அந்த அறையில்தான் நடந்தது. அந்த அறைக்குள் எனக்கு அழைப்பில்லை. ஜன்னலருகே நின்று ஒட்டுக்கேட்டு எழுதுவதற்கு என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. கற்பனையில் உள்ளே நுழைவதும் அதே காரியம்தான்.

நீங்கள் போகலாம். வீடு கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, கம்ப்ரஸர் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். இப்போதும் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள். நான் சொல்லும் பதிலை வைத்து முடிவைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள். மதியம் போங்கள், அப்போது விழித்திருப்பார். வலப்பக்கமாகப் போய் நில்லுங்கள். ஒன்பதாவது கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடமே கேளுங்கள். சொன்னால் அதுதான் முடிவு. சொல்ல மறுத்தால் அதுவும் அவர் உரிமை, எழுந்து வந்துவிடுங்கள்.

நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.